படம் ஒன்று, பிரிவுகள் பல: குழந்தைகளின் ஆபாசப் படக் குற்றங்களில் தண்டனை

பதினெட்டு வயது நிறையாத ஒருவரைப் பாலியலாகச் சித்திரிக்கும் படத்தை எடுப்பது, வைத்திருப்பது, அனுப்புவது, விற்பது ஆகிய நான்கும் இந்தியச் சட்டத்தில் வெவ்வேறு குற்றங்கள். தண்டனையும் வேறுவேறு. ஒரு முனையில் 5,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. மறு முனையில் ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை. படம் எடுத்தவரே குழந்தையை வன்கொடுமைக்கும் ஆளாக்கியிருந்தால் ஆயுள் தண்டனை, சில சூழல்களில் மரண தண்டனை வரை போகலாம். இவ்வளவு அகன்ற இடைவெளியில் ஒரு குற்றவாளி எங்கே நிறுத்தப்படுகிறார், அதை எது முடிவு செய்கிறது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

சிதம்பரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இப்படி ஒரு வழக்குப் பதிவானால் அது உள்ளூர் நடுவர் மன்றத்தில் விசாரிக்கப்படுவதில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்துக்கெனக் கடலூரில் உள்ள சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் குழந்தைகளின் ஆபாசப் படத்தை வெளியிட்டது, பரப்பியது என்ற குற்றச்சாட்டையும் அதே சிறப்பு நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று போக்சோ சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டு நீதிமன்றங்களுக்கு அலைய வேண்டியதில்லை. குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், விசாரணையைக் கூடியவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது 35ஆவது பிரிவு. அந்தக் ‘கூடியவரை’யில்தான் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. கைப்பற்றிய கைப்பேசியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்குவதற்கே மாதங்கள் ஓடிவிடும். தண்டனை பெற்று இம்மாவட்டத்திலிருந்து உள்ளே போகும் ஆண் கைதிக்குக் கேப்பர் மலையில் உள்ள மத்திய சிறை அருகிலேயே இருக்கிறது.

இக்குற்றத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது அண்மையில்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆவது பிரிவு ஆபாசப் பொருளைத் தண்டித்தது. படத்தில் இருப்பது குழந்தையா பெரியவரா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் 67ஆவது பிரிவில் அதே வழியில்தான் போயிற்று. 2008இல் நிறைவேறி 2009 அக்டோபர் 27இல் நடைமுறைக்கு வந்த திருத்தமே 67ஆ என்ற தனிப் பிரிவைக் கொண்டுவந்தது. வெளியிடுவது, அனுப்புவது மட்டுமல்லாமல் தேடுவது, பார்ப்பது, பதிவிறக்குவது, சேகரிப்பது, விளம்பரப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். முதல் முறை ஐந்து ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும். மறுமுறை ஏழு ஆண்டு வரை சிறை. பிறகு 2012 நவம்பர் 14இல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆபாசப் படத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்துவதற்கு அது முதலில் ஐந்து ஆண்டு ‘வரை’ என்றுதான் தண்டனை வைத்திருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ‘வரை’யை எடுத்துவிட்டு ‘குறையாமல்’ என்று போட்டது. உச்சவரம்பாக இருந்தது ஒரே நாளில் அடிவரம்பாயிற்று. மறுமுறை குற்றத்துக்கு அடிவரம்பு ஏழு ஆண்டு. நிஜக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கணினியில் உருவாக்கிய படமும் குற்றப் பொருளே என்று வரையறை விரிந்ததும் இத்திருத்தத்தில்தான். செயற்கை நுண்ணறிவுப் படங்கள் பெருகிவிட்ட இன்று அந்த வரிக்கு அப்போது எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் வேலை வந்திருக்கிறது.

இதே திருத்தம் 15ஆவது பிரிவை மூன்று படிகளாகப் பிரித்தது. சிதம்பரம் மேல வீதியில் ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் படிகள் தெளிவாகும். பழுதுக்கு வந்த கைப்பேசியில் ஒரு குழந்தையின் ஆபாசக் காணொளி கடைக்காரர் கண்ணில் படுகிறது. வாடிக்கையாளரின் அந்தரங்கம் என்று பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. ஊடகம், தங்கும் விடுதி, படப்பிடிப்புக் கூடம் போன்ற நிறுவனங்களும் அவற்றில் பணிபுரிவோரும் இத்தகைய பொருளைக் கண்டால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 20ஆவது பிரிவும், குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்று 19ஆவது பிரிவும் கடமை விதிக்கின்றன. தவறினால் ஆறு மாதம் வரை சிறை. அவர் அதைத் தன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, பகிரும் எண்ணத்தோடு, அழிக்காமலும் புகார் கொடுக்காமலும் வைத்திருந்தால் முதல் படி: 5,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், மறுமுறை 10,000. பரப்புவதற்காகவோ பிறருக்குக் காட்டுவதற்காகவோ வைத்திருந்தால் இரண்டாம் படி: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மெமரி கார்டில் ஏற்றி விற்பதற்காக வைத்திருந்தால் மூன்றாம் படி: மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், மறுமுறை ஐந்து முதல் ஏழு ஆண்டும் அபராதமும்.

மூன்று படியிலும் படம் ஒன்றேதான். அதில் இருக்கும் குழந்தைக்கு ஐந்து வயதா பதினேழு வயதா, அக்குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இந்தப் படிகளில் இடமே இல்லை. வைத்திருந்தவரின் எண்ணம் ஒன்றே படியைத் தீர்மானிக்கிறது. இந்தியச் சட்டம் தேர்ந்துகொண்ட அமைப்பு இது. இதன் குறை பின்னால் இங்கிலாந்தோடு ஒப்பிடும்போது தெரியவரும்.

படிகளுக்கு மேலே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆபாசப் படத்துக்குக் குழந்தையைப் ‘பயன்படுத்துவது’ 13ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். 14ஆவது பிரிவு விதிக்கும் ஐந்து ஆண்டு அடிவரம்பு அதற்குரியது. ஆனால் பயன்படுத்துவது என்பதற்கு 13ஆவது பிரிவு தரும் விளக்கத்தில் படத்தைத் தயாரிப்பதோடு அனுப்புவது, வெளியிடுவது, விநியோகிப்பது ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. அப்படியானால் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியை அனுப்பியவர் 15இன் இரண்டாம் படியில் நின்று அபராதத்தோடு தப்பவும் கூடும். 14இன்கீழ் வந்து ஐந்து ஆண்டு சிறைக்குப் போகவும் கூடும். எந்தப் பக்கம் என்பதைத் தீர்ப்பு நாளில் நீதிபதி புதிதாக முடிவு செய்வதில்லை. முதல் தகவல் அறிக்கையில் ஆய்வாளர் எழுதும் பிரிவிலும், குற்றப்பத்திரிகையிலும், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் நாளிலும் அதில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. இவ்வகை வழக்குகளில் தண்டனையின் அளவைத் தண்டனை விசாரணையைவிடக் குற்றச்சாட்டு வனைதலே தீர்மானிக்கிறது என்றால் மிகையாகாது.

சென்னைக்கு அருகே அம்பத்தூரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும், காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையமும் 2019இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இணைய நிறுவனங்கள் அம்மையத்துக்கு அனுப்பும் தகவல்களில் இந்தியா தொடர்பானவை அதன்பின் மாநிலக் காவல் துறைகளுக்கு வரத் தொடங்கின. அந்த ஆண்டு டிசம்பரில் திருச்சியில் ஒருவர் கைதானார். 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர்மேல் 67ஆ பிரிவிலும் போக்சோ 14(1) பிரிவிலும் வழக்குப் பதிவானது. அவருடைய கைப்பேசியில் சிறுவர்கள் இடம்பெற்ற இரண்டு காணொளிகள் இருந்ததாக ஆய்வக அறிக்கை சொன்னது. குற்றப்பத்திரிகை வந்தபோது 14(1) இல்லை. அதன் இடத்தில் 15(1) இருந்தது. ஐந்து ஆண்டு அடிவரம்பு உள்ள பிரிவு போய் 5,000 ரூபாய் அபராதப் பிரிவு வந்து உட்கார்ந்தது. வழக்கு திருவள்ளூர் மாவட்ட மகளிர் நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டின் எண்ணோடு கோப்பில் ஏறியது.

சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரி 11இல் அவ்வழக்கை ரத்து செய்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், காணொளிகளை அவர் யாருக்கும் அனுப்பவில்லை, தனிமையில் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று கருதினார். இளைஞர்கள் ஆபாசப் படங்களுக்கு அடிமையாகிவருவதைப் பற்றி எழுதி, தண்டிப்பதைவிட ஆற்றுப்படுத்துவதே வழி என்றும் சொன்னார். அது முற்றிலும் தள்ளிவிடக்கூடிய கருத்து அல்ல. ஆனால் தேடுவதையும் பதிவிறக்குவதையும் வெளிப்படையாகச் சொல்லும் 67ஆ பிரிவின் வாசகம் அங்கே உரிய கவனம் பெறவில்லை. ஜஸ்ட் ரைட்ஸ் ஃபார் சில்ட்ரன் அலையன்ஸ் என்ற அமைப்பின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23இல் அத்தீர்ப்பைத் தள்ளியது. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பார்திவாலாவும் அமர்ந்த அமர்வு அது. தீர்ப்பை எழுதியவர் பார்திவாலா. பதினைந்தாவது பிரிவின் மூன்று படிகளும் தனித்தனிக் குற்றங்கள். எதுவும் உண்மையில் அனுப்பப்பட்டிருக்க வேண்டியதில்லை, எண்ணமே போதும். அழிக்காமலும் புகார் கொடுக்காமலும் வைத்திருந்ததிலிருந்து அந்த எண்ணத்தை ஊகிக்கலாம் என்று அது விளக்கியது. 30ஆவது பிரிவின்படி குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் சுமை. சாதனத்தில் சேமிக்காமல் இணையத்திலேயே பார்ப்பதும், அப்பொருள்மேல் ஒருவருக்குக் கட்டுப்பாடு இருந்தால், வைத்திருப்பதாகவே ஆகும். இக்குற்றப் பொருளைச் சட்டத்தில் ‘குழந்தைப் பாலியல் சுரண்டல், துன்புறுத்தல் பொருள்’ என்று குறிக்கப் பாராளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும் என்றும் அமர்வு பரிந்துரைத்தது. வழக்கு விசாரணைக்காகத் திருவள்ளூருக்கே திரும்பியது.

வெறுமனே வைத்திருந்தவருக்கு அபராதம் மட்டும்தான் என்று இதை வைத்து எண்ணிக்கொள்வது தவறு. ஒரே செயல் போக்சோவிலும் 67ஆ பிரிவிலும் குற்றமாக வந்தால், எதில் தண்டனை கூடுதலோ அதில்தான் தண்டிக்க வேண்டும் என்று 2019இல் திருத்தப்பட்ட 42ஆவது பிரிவு சொல்கிறது. இணையத்திலிருந்து பதிவிறக்கி வைத்திருந்தவருக்கு 15(1) அபராதம் காட்டும். 67ஆ ஐந்து ஆண்டு வரை காட்டும். ஆகவே நடைமுறையில் எடை 67ஆ பக்கமே சாயும். ஆனால் அதற்கு அடிவரம்பு கிடையாது. ஒரு நாள் சிறையும் சட்டப்படி சரி, ஐந்து ஆண்டும் சரி. நீதிபதியின் உண்மையான விருப்புரிமை விளையாடும் இடம் இதுதான்.

அந்த இடத்தில் அவருக்குத் துணையாக எழுதப்பட்ட அட்டவணை எதுவும் இந்தியாவில் இல்லை. தண்டனை வழிகாட்டு நெறிகள் தேவை என்று குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மளிமத் குழு 2003இல் சொன்னது. இந்தியாவில் அத்தகைய நெறிகள் இல்லாததை உச்ச நீதிமன்றமே 2008இல் பிரேம் சாகர் வழக்கில் சுட்டிக்காட்டியது. நீதிமன்றங்கள் 1980இன் பச்சன் சிங் வழக்கிலிருந்து வந்த பழக்கப்படி, குற்றத்தைக் கனமாக்கும் சூழல்களையும் இலகுவாக்கும் சூழல்களையும் எடைபோட்டுப் பார்க்கின்றன.

இங்கிலாந்தில் வேறு ஏற்பாடு. அங்கே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் படம் எடுப்பதற்கும் பரப்புவதற்கும் உச்சத் தண்டனை பத்து ஆண்டு. வைத்திருப்பதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஐந்து ஆண்டு. அயர்லாந்தின் கார்க் நகரில் ஆய்வாளர்கள் படங்களைப் பத்து நிலைகளாகப் பிரித்து ஓர் அளவுகோல் செய்திருந்தார்கள். 2002இல் ஆலிவர் என்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஐந்து நிலைகளாகச் சுருக்கிப் பயன்படுத்தியது. 2014 ஏப்ரல் முதல் தண்டனைக் குழுவின் நெறிகள் மூன்று வகையோடு நிற்கின்றன. ஊடுருவும் பாலியல் செயலைக் காட்டும் படம் முதல் வகை, ஊடுருவல் இல்லாத பாலியல் செயல் இரண்டாவது, மற்றவை மூன்றாவது. முதல் வகைப் படத்தை வைத்திருந்தவருக்குக் கணக்கு ஓர் ஆண்டில் தொடங்கும், பரப்பியவருக்கு மூன்று ஆண்டில், எடுத்தவருக்கு ஆறு ஆண்டில். அங்கிருந்து குழந்தையின் வயது, படங்களின் எண்ணிக்கை, காணொளியா நிழற்படமா, படத்தில் தெரியும் வலி, குற்றவாளியின் முன்வரலாறு ஆகியவற்றைப் பார்த்துக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். இந்த முறைக்கும் விமர்சனம் உண்டு: ஆயிரக்கணக்கான படங்களை அலுவலர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் கடலூரில் ஒரு தண்டனையும் கோயம்புத்தூரில் அதே செயலுக்கு இன்னொரு தண்டனையும் விழுந்தால் ஏன் என்று கேட்க இந்தியாவில் அளவுகோலே இல்லை, அங்கே இருக்கிறது. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 286அ பிரிவு, 1995இலேயே, இரண்டு முதல் பத்து ஆண்டு வரை என்று அடிவரம்பும் மேல்வரம்பும் வைத்துவிட்டது.

குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னபின் தண்டனை குறித்துத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2). 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258ஆவது பிரிவு. நடைமுறையில் அது பல வேளைகளில் சில நிமிடத்தில் முடிந்துவிடும் சடங்கு. வயதான பெற்றோர் இருக்கிறார்கள், திருமண வயதில் தங்கை இருக்கிறாள், இது முதல் குற்றம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். சமூகத்துக்குப் பாடமாக இருக்க வேண்டும் என்று சிறப்பு அரசு வழக்கறிஞர் சொல்வார். படத்தில் உள்ள குழந்தையின் நிலை பற்றி ஓர் அறிக்கை, குற்றவாளியின் மனநிலை பற்றி ஓர் அறிக்கை என எழுத்தில் எதுவும் முன்வைக்கப்படுவது அரிது. உண்மையில் தண்டனையின் அளவு தங்கியிருக்க வேண்டியது அவற்றின்மேல்தான்.

அடிவரம்பு உள்ள பிரிவில் இந்தச் சடங்குக்கும் பயன் குறைவு. 14(1)இன்கீழ் ஐந்து ஆண்டுக்குக் கீழே சிறப்பு நீதிமன்றமும் போக முடியாது, உயர் நீதிமன்றமும் போக முடியாது. உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் அரசமைப்பின் 142ஆவது உறுப்பு தரும் தனி அதிகாரம் உண்டு. மேற்கு வங்க வழக்கு ஒன்றில், பாதிக்கப்பட்ட பெண்ணே பின்னாளில் குற்றவாளியோடு குடும்பம் நடத்திய நிலையில், 2025 மே மாதத்தில் அந்த அதிகாரத்தைக் கொண்டு போக்சோ தண்டனை விதிக்காமல் விட்டது. அதை முன்மாதிரியாகக் காட்டிக் கீழமை நீதிமன்றத்தில் கேட்க முடியாது.

பல பிரிவுகளில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டனை. ‘ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று நீதிபதி எழுதாவிட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்தின் விதி; 2024 ஜூலை 1 முதல், ஏக காலத்திலா ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதை நீதிபதியே எழுத வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் வரும் அந்த ஒரு வரி, பத்து ஆண்டை ஐந்தாக்கவும் ஐந்தைப் பத்தாக்கவும் வல்லது. ஆயுள் தண்டனைகளுக்கு மட்டும் விதிவிலக்கு: தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு 2016இல், ஒருவருக்கு இருப்பது ஓர் உயிர்தான், ஆயுள் தண்டனைகளை அடுக்கடுக்காக ஓட்ட முடியாது என்று முடிவு செய்தது. சிறுவர்களை வன்கொடுமை செய்து அதைப் படமாக்கி இணையத்தில் பரப்பியதாக 2023இல் சிபிஐ கைது செய்த ஆய்வு மாணவருக்குத் தஞ்சாவூர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆயுள் தண்டனைகள் விதித்ததை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே எடை முழுவதும் வன்கொடுமைப் பிரிவுகளிலிருந்து வந்தது. படத்துக்குரிய தண்டனை அதன்மேல் ஏறியது. 14(2) இப்படி இரண்டையும் சேர்த்து விதிக்கவே இடம் தருகிறது. படம் இல்லாத வழக்கிலும் கடலூர் மாவட்டத்தில் கடுமைக்குக் குறைவிருந்ததில்லை: திட்டக்குடியில் இரண்டு பள்ளி மாணவிகள் சுரண்டப்பட்ட வழக்கில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் 16 பேரைத் தண்டித்தது.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரே படத்தை எடுத்தவராக, அனுப்பியவராக இருக்கும் வழக்குகள் வேறு வழியில் போகின்றன. அவர்கள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவார்கள். அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். ஏழு ஆண்டு அடிவரம்புள்ள கொடிய குற்றங்களில் மட்டுமே 16 வயது நிறைந்தவரைப் பெரியவராக விசாரிக்கலாம். முதல் முறை 14(1) அந்த எல்லைக்குள் வராது. காதலர்களாக இருக்கும் இரு சிறார்கள் தங்களுக்குள் பகிர்ந்த படமும் சட்டத்தின் எழுத்துப்படி குற்றமே. இவ்வகை வளரிளம்பருவ உறவுகளைச் சட்டம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் சொல்லியிருக்கிறது. பாராளுமன்றம் இன்னும் செவிசாய்க்கவில்லை.

பாலியல் படம் அல்லாததும் குழந்தையைக் காயப்படுத்தும். 2022 அக்டோபரில் சிதம்பரத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில், சீருடையில் இருந்த மாணவிக்கு ஒரு மாணவர் தாலி கட்டும் காணொளி ஊரெங்கும் பரவியது; அதைப் பரப்பியதற்காகவும் ஒருவர் கைதானார். அது ஆபாசப் படம் அல்ல, 14, 15 பிரிவுகள் அங்கே பொருந்தா. ஆயினும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையும், போக்சோ வழக்கென்றால் 23ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறையும் இருக்கின்றன. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

தண்டனையோடு நீதிபதியின் வேலை முடிவதில்லை. இழப்பீடு வழங்க 33(8) அதிகாரம் தருகிறது. வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடும் தரலாம், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் தரலாம். படத்தில் உள்ள குழந்தை யாரென்றே தெரியாத பதிவிறக்க வழக்குகளில் யாருக்குத் தருவது என்ற கேள்விக்கு விடை இல்லாததால் இழப்பீட்டுப் பத்தியே தீர்ப்பில் விடுபட்டுவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் பரோலின் வழக்கில், படத்தை வைத்திருந்த ஒவ்வொருவரும் அந்தக் குழந்தையின் இழப்பில் தன் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று வழி கண்டது. இந்திய நீதிமன்றங்கள் அத்திசையில் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, 60 நாளுக்குள். விசாரணைக் கைதியாகச் சிறையில் கழித்த நாட்கள் தண்டனையில் கழியும். கைப்பேசி, பென் டிரைவ் போன்ற சான்றுப் பொருட்களை மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்க வேண்டும் என்ற உத்தரவு தீர்ப்பின் இறுதியில் வரும். இணையத்தில் ஏற்கெனவே பரவிவிட்ட பிரதிகளை அந்த உத்தரவு தொடாது, அவற்றை நீக்கக் கேட்டு நிறுவனங்களுக்குத் தனியே எழுத வேண்டும்.